ஆடிட்டர் ஆபீஸ் கயல்விழி

கயல்விழி ரகசியம் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அன்னூர்ப் பக்கம் களையெடுப்பு, அறுவடை என்று காட்டு வேலைக்குப் போய்வந்த மருதாசலத்துக்கும் பாவாத்தாளுக்கும் மூத்த மகள் அவள். பொம்பளைப் புள்ளை மெல்லப் பேசோணும் கண்ணு என்று பாவாத்தாள் சொல்லிக்கொண்டே இருப்பாள். அப்படிச் சொல்லும் அவளுடைய குரலே மூன்று காடு தாண்டிக் கேட்கும். மகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

பி.காம். முடித்ததும் கயல்விழிக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஆடிட்டர் ராமாமணியின் ஆபீசில் வேலை கிடைத்தது. ராமாமணி பேசினால் எதிரே இருப்பவர் முன்னால் சாய்ந்து காதைக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே, "மேடம், ஜவுளிக்கடைக்காரருக்கு இந்த வருஷமும் நஷ்டந்தானுங்களா?" என்று கயல்விழி உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் தங்களோடு நின்ற ஜவுளிக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் அவளுடைய மேஜை பின்னறைக்குப் போனது. ராமாமணி கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கயல்விழிக்கு உறுத்தியது. உதட்டை இறுக்கிக்கொண்டு, கோப்புகளுக்கு நடுவில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருடம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும், வீட்டில் டெலிபோன் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற விதி அதற்கு முன்பே கோயமுத்தூருக்கு வந்திருந்தது. அந்த வருடம்தான் அது வீடு வீடாகப் பேச்சானது. அதுவரை வருமான வரி என்றால் மில் முதலாளிகள் சமாச்சாரம் என்றிருந்தவர்கள் எல்லாம் ஆபீஸ் மாடிப்படியில் வரிசை கட்டினார்கள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை ராமாமணி காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னார். தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் குடியிருப்போர் சங்கத்தார் ஒரு பள்ளிக்கூட ஹாலைப் பிடித்து, எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். படிவம் கொடுக்க ஆள் வேண்டும் என்று ராமாமணி கயல்விழியையும் கூட்டிப்போனார்.

ஹால் நிறைந்துவிட்டது. ராமாமணி மைக்கைப் பிடித்து ஆரம்பித்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது, மைக் செத்தது. ராமாமணியின் குரல் இரண்டாவது வரிசையைக்கூட எட்டவில்லை. பின்னால் இருந்தவர்கள் எழுந்திருக்கத் தொடங்கினார்கள். ராமாமணி ஹாலைப் பார்த்தார், பிறகு கயல்விழியைப் பார்த்தார்.

"நான் சொல்லச் சொல்ல நீ சொல்லும்மா. உன் குரல்லயே சொல்லு."

கயல்விழி படிவக் கட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் வாயைத் திறந்ததும் வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவர் எழுந்து, தன் வீட்டுக்குப் போன் வரும், தாங்கள் யாருக்கும் அடிப்பதில்லை, அப்போதும் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டார். ராமாமணி காதோரம் சொன்னதைக் கயல்விழி ஹாலுக்குச் சொன்னாள்: "குடுக்கோணுமுங்க. போன் இருந்தாப் போதும். அடிக்கறதும் அடிக்காததும் உங்க இஷ்டமுங்க." எழுதிக் கொடுத்தால் வரி கட்ட வேண்டி வருமா என்று இன்னொருவர் கேட்டார். வரம்புக்குக் கீழே என்றால் ஒரு பைசா கிடையாது என்று அவள் சொன்னதும், ஹால் முழுக்க மூச்சு விட்டது. செத்துப்போன அப்பா பேரிலேயே போன் இருக்கிறதே என்று கேட்டவருக்கு ராமாமணியே கொஞ்சம் யோசித்தார். அதை மட்டும் காகிதங்களோடு ஆபீசுக்கு வந்து கேளுங்கள் என்றாள் கயல்விழி.

கைக்கடிகாரக் கடை வைத்திருந்த அப்துல் குத்தூஸ், போனுக்குப் பதிவு செய்து வருடக்கணக்காகிறது, இன்னும் வரவில்லை, நான் என்ன செய்யட்டும் என்றார். இதற்குக் கயல்விழி ராமாமணியைப் பார்க்கவில்லை.

"போன் வரட்டுமுங்க பாய். அப்புறம் நீங்க வாங்க."

"அதுக்குள்ள சட்டத்தையே எடுத்துருவாங்களேம்மா" என்றார் அவர். ராமாமணியும் சேர்ந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு வயதான அம்மா முன்னால் வந்தார். பெயர் வெங்கடம்மாள். மில்லில் வேலை பார்த்த கணவரின் பென்ஷனில் தனியாக இருப்பவர். கையிலிருந்த ஒயர் கூடையிலிருந்து ஒரு டெலிபோனை எடுத்து மேஜை மேல் வைத்தார். பளபளவென்று துடைத்து, பூத்தையல் போட்ட துணியால் மூடியிருந்தது.

"போன் வச்சிருக்கறவங்க ரிட்டர்ன் பண்ணோணும்னு சொன்னாங்க. இந்தாங்க அம்மணி. பெங்களூர்ல இருக்கற பையனுக்கு இனிமே காயிதம் போட்டுக்கறேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கயல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து சொன்னாள்:

"ரிட்டர்ன்னா போனைத் திருப்பிக் குடுக்கறதில்லீங்க பெரியம்மா. ஒரு காயிதத்துல கணக்கு எழுதிக் குடுக்கறது. போன் உங்களுதுதானுங்க. எங்கேயும் போகாது."

வெங்கடம்மாள் மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் முடிந்ததும் கூடையைக் கயல்விழியே தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனாள். பிடுங்கிய ஒயரைச் சுவரில் செருகிய சற்று நேரத்தில் மணி அடித்தது. வெங்கடம்மாள் தொடப் பயந்தார். கயல்விழிதான் எடுத்தாள். முந்தின நாளிலிருந்து அடித்துப் பார்த்து, யாரும் எடுக்காததால் ராத்திரி ரயிலுக்கே கிளம்ப இருந்த மகன் பேசினான். அம்மா சௌக்கியமுங்க என்று அவள் சொன்னதும், காதிலிருந்து ரிசீவரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கேட்டேன் என்று பின்னால் ஊருக்கு வந்தபோது சொன்னான்.

அடுத்த வாரம் மாடிப்படி ஏறியவர்கள் எல்லாம், அந்தச் சத்தமாச் சொல்ற புள்ளை இருக்குதுங்களா என்றே கேட்டார்கள். ராமாமணி, கயல்விழியின் மேஜையை முன்னறைக்குக் கொண்டுவரச் சொன்னார். ரகசியக் கணக்குகள் உள்ளே, ராமாமணியிடம். ஊருக்கெல்லாம் பொதுவான சந்தேகங்கள் வாசலில், கயல்விழியிடம். புதிதாக வந்த ஒவ்வொரு விதியையும் ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு, காலையில் ராமாமணியிடம் கேட்டுத் தெளிந்த பிறகே வாயைத் திறப்பாள்.

அந்த மாதக் கடைசியில் கொடுமுடியிலிருந்து ஒருவர், சலவைச் சட்டையும் மஞ்சப்பையுமாக வந்து சேர்ந்தார். தன் வீட்டிலும் போன் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். போன் வைத்திருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற விதி சில பெரிய நகரங்களுக்கு மட்டும்தான், கொடுமுடிக்கு இல்லை, உங்கள் வருமானத்துக்கும் தேவையில்லை என்று கயல்விழி விளக்கினாள். அவருக்குத் திரும்பிப் போக மனசே இல்லை.

"இத்தனை தூரம் வந்துபோட்டேன். ஒண்ணே ஒண்ணு எழுதி வாங்கிக்குங் அம்மணி."

காபி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பினாள். அவர் தெருவில் இறங்கி வழி தெரியாமல் நிற்பதைப் பார்த்து, காந்திபுரம் போய் ஈரோடு பஸ் ஏறுங்க என்று ஜன்னலிலிருந்து சொன்னாள். அவரோடு, தெருவில் போன இரண்டு ஆட்டோக்காரர்களும் சரி என்று தலையாட்டினார்கள்.