முந்தானைக்குள் இருந்த கை

ஊராட்சித் தலைவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் செயலர், மடியில் தீர்மான நோட்டு. அரியலூரிலிருந்து வந்த ஆபீசர். அவரோடு வந்த பெண், கையில் போன். முன் நாற்காலியில் டிராக்டர் வைத்திருப்பவர். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர், உட்காராமல் தூணில் சாய்ந்துகொண்டு. மகளிர் குழுக்காரர்கள் ஒரு வரிசை. கடைசியில் சுவர் ஓரமாக, முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டகையிலிருந்து நாங்கள். எங்களுக்கு முன்னால் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி. அவளுக்குப் பின்னால் நான்.

சமுதாயக் கூடத்தில் கிராம சபை. எங்கள் ஊர் வரதராஜன்பேட்டைக்குப் பக்கம். சுற்றிலும் முந்திரிக் காடு.

அன்று பேச்சு புதுக் கார்டைப் பற்றி. கார்டு என்று பேர்தான், கையில் தர மாட்டார்களாம். போனுக்குள் இருக்கும். மிஷினில் விரல் வைத்தால் இன்னார் என்று சொல்லும். ரேஷன், மாசப் பணம், நூறு நாள் வேலை எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. எல்லோருக்கும் கட்டாயம் ஆகும் என்று சிலர், ஆகாது என்று சிலர். டிவியில் அதை வைத்துத் தினம் சண்டை. எங்கள் ஊருக்கும் கருத்துக் கேட்க வந்திருந்தார்கள்.

எங்களுக்கு விரல்தான் பிரச்சினை. கொட்டையை உடைத்தால் ஓட்டிலிருந்து எண்ணெய் வரும். பட்ட இடம் வெந்து கறுத்து, தோல் உரியும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்போம். கையுறை மாட்டினால் வேலை ஓடாது, பருப்பு நொறுங்கும். நாலாம் வகுப்போடு நின்று இந்த வேலைக்கு வந்தவள் நான். விரலில் கோடு எப்போது போனது என்று தெரியாது. எங்கள் கொட்டகையில் ஒருத்திக்கும் மிஷினில் விரல் ரேகை விழாது.

ஆனால் எங்களுக்கு வீட்டில் புருஷன் விரல், பிள்ளை விரல் இருந்தது. அதை வைத்து வாங்கிக்கொள்வோம். ஓரகத்திக்கு அவள் விரல் மட்டும்தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. விதவைப் பணம் கொடுக்கிற மிஷினில் அவள் விரல் விழாமல் சில மாதமாகப் பணம் நின்றிருந்தது. சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். ரேஷனுக்குப் பழைய அட்டையைக் காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். புதுக் கார்டு கட்டாயம் ஆனால் அதுவும் போகும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் கொட்டகையில் அவள் கேட்டாள்.

"நாளைக்கு எல்லாரும் வாங்க. நான் பேசிடுறேன். நீங்க வாயே தொறக்க வாணாம். கேட்டா கைய தூக்குங்க, போதும்."

"அக்கா பேசுனா ஆபீசரு பஸ்ஸப் புடிச்சி ஓடிடுவாரு" என்றாள் ஒருத்தி.

"ஓடட்டும். கையெழுத்தப் போட்டுட்டு ஓடட்டும்."

சிரித்தோம். சரி என்றோம். நானும் சரி என்றேன்.

நாங்கள் வெளியே போனால் கை முந்தானைக்குள்தான் இருக்கும். பஸ்ஸில் சில்லறை கொடுப்பதற்கு மட்டும் வெளியே வரும். யாரும் சொல்லித் தந்ததில்லை. பார்க்கிறவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துத் தானாக வந்த பழக்கம். என் மகளை வேப்பந்தட்டைக்குக் கட்டிக்கொடுத்தேன். கல்யாணத்தன்று வாசலில் நின்று தாம்பூலப் பை கொடுத்தது என் நாத்தனார். பெற்றவள் நான், உள்ளே பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தேன். சம்பந்தி வீட்டில் கொட்டை வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தேன். விடவில்லை.

கூட்டத்தில் டிராக்டர்காரர்தான் முதலில் பேசினார்.

"கார்டு வரட்டும் சார். எம்மவன் திருப்பூர்ல இருக்கான். ஒவ்வொண்ணுக்கும் ஊருக்கு ஓடியாறான். கார்டு இருந்தா அங்கயே வாங்கிக்குவான்."

கண்டக்டர் தூணை விட்டு வந்தார். "நான் பொறந்த ஊர்ல நான் யாருன்னு மிஷின் சொல்லணுமா?"

"ஒங்கள யாரு கேட்டா மாமா? செத்தவன் பேர்லல்லாம் அரிசி போவுது. அதுக்குத்தான்" என்றார் டிராக்டர்காரர்.

"செத்தவன் அரிசிய உசுரோட இருக்கறவன்தானய்யா திங்கிறான். அவனப் புடி. என் வெரல ஏன் புடிக்கிற?"

கூடம் சிரித்தது. ஆபீசரும் சிரித்தார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது.

அப்போது ஓரகத்தி எழுந்தாள்.

"சார், எனக்கு அந்த ஞாயமெல்லாம் தெரியாதுங்க. எனக்கு வெரல் வுழ மாட்டேங்குது." இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

ஆபீசர் குனிந்து பார்த்தார். "என்னம்மா இது, தீ பட்டுடுச்சா?"

"கொட்டை எண்ணெய்ங்க."

"கண்ண வச்சிப் பாக்குற மிஷின் அரியலூர்ல இருக்கு. அங்க வந்துடுங்களேன்."

"ரெண்டு தடவ வந்தேங்க. ஒரு தடவ கரண்டு இல்ல. இன்னொரு தடவ ஆளு இல்ல. ரெண்டு நாளு கூலி போனதுதான் மிச்சம்."

ஆபீசர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"ஒருத்தருக்காக மிஷினக் கொண்டாரச் சொல்ல முடியாதும்மா. இந்த மாதிரி நெறய பேர் இருந்தா தீர்மானம் போடலாம். மிஷின் இங்க வர்ற வரைக்கும் பழைய அட்டையே செல்லணும், மாசப் பணத்த நிறுத்தக் கூடாதுன்னும் எழுதலாம். எத்தன பேருன்னு காட்டணும். வெரல் விழாதவங்க கைய தூக்குங்க."

அவரோடு வந்த பெண் போனைத் தூக்கினாள். "தூக்கினபடியே இருங்க. போட்டோ எடுத்து ஏத்தணும்."

ஓரகத்தி கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். கை முந்தானைக்குள்ளேயே இருந்தது. துணியோடு தூக்கினேன்.

செயலர் பேனாவை நீட்டினார். "துணிய எடும்மா. நான் கைய எண்ணுறதா, துணிய எண்ணுறதா?"

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்தார். மகளிர் குழுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போன் என் பக்கம் திரும்பியது. இந்தப் போட்டோ ஊர் வாட்ஸப்பில் வரும். அதில் என் மருமகனும் இருக்கிறார். வேப்பந்தட்டையில் பார்ப்பார்கள்.

கையை இறக்கினேன்.

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தூக்கியிருந்தால் அவர்களும் தூக்கியிருப்பார்கள். யாரும் தூக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சேலை சரசரக்கிற சத்தம் கேட்டது. எல்லோரும் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"வேற யாரும் இல்லையா?" என்றார் ஆபீசர். எங்கள் வரிசையைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு சார்" என்றார் செயலர்.

ஓரகத்தி திரும்பவில்லை. போட்டோ எடுக்கிற வரைக்கும் அவள் கை மேலேயே இருந்தது.

அந்தத் தீர்மானம் எழுதவில்லை. அடுத்து குடிதண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசினார்கள்.

வீட்டுக்கு ஒன்றாகத்தான் நடந்தோம். ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேண்டும் என்றாள். சரி என்றேன். கொஞ்ச தூரம் போய், "அக்கா" என்றேன்.

"வுடு புள்ள. எனக்கும் மொதல்ல கூச்சமாத்தான் இருந்துச்சு."

வேலியோரம் நின்று தழை ஒடித்தோம்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"போட்டோ வந்துச்சும்மா. பெரியம்மா கைய பாத்தேன். நீ போவலயா கூட்டத்துக்கு?"

"போனேன்."

"ஒன்னையக் காணுமே. பெரியம்மா மட்டுந்தான் கைய தூக்கியிருக்கு."

போனை மறு காதுக்கு மாற்றினேன். அவளே சொன்னாள்.

"எங்க மாமியாரும் பாத்தாங்க. ஒங்கம்மாவும் தூக்கியிருக்கலாமேன்னாங்க."

"அவங்களுக்குத் தெரியுமா, நான் கொட்டைக்குப் போறது?"

"கல்யாணத்தன்னிக்கே தெரியும்மா. நீ பாத்திரத்த எண்ணறப்ப ஒங்கையப் பாத்திருக்காங்க. வுட்டுட்டேன்னு நீ சொன்னதால அவங்களும் கேக்கல."

போனை வைத்துவிட்டேன். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

புதுக் கார்டு இன்னும் கட்டாயம் ஆகவில்லை. ஆகும் என்கிறார்கள். ஓரகத்திக்கு மாசப் பணம் இன்னும் வரவில்லை. மாத்திரைக்கு நான் கொடுக்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் வழக்கம்போலக் கொட்டகைக்குப் போனோம். நடுவில் சாம்பல் தட்டு. வேலை தொடங்குமுன் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அதில் கையைப் புரட்டுவோம். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. ஓரகத்தி எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். சாம்பலை என் பக்கமும் கொஞ்சம் தள்ளிவிட்டாள்.

அங்கே யாருக்கும் முந்தானை தேவைப்படவில்லை. எல்லாக் கையும் வெளியே இருந்தது. கூட்டத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கையாக எண்ணினேன்.

பதினொன்று.