இடப்பக்கம் போன அம்பு

நெடுங்கேணிக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேறிய புதிதில், எங்கள் வயலில் நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் கிளிகள் வந்துவிடும். அவற்றைக் கலைக்க மாமா எனக்கு ஒரு வில் செய்து தந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; மீசை அரும்பும் முன்பே எல்லாம் தெரிந்தவர்.

வில்லில் ஒரு குறையும் இல்லை. அம்புதான் சொல் கேட்கவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு போய் வழியிலேயே விழுந்தது. மாமா நுனியில் தேன்மெழுகு உருட்டி வைத்தார். பின்பக்கம் சேவல் இறகு கட்டினார். ஆட்டம் நின்றது. ஆனால் எங்கே குறி வைத்தாலும் அம்பு இடப்பக்கமே போனது. அப்படிப் போன ஒன்று பக்கத்துக் காணிக்காரரின் கன்றுக்குட்டி முதுகில் பட, அவர் எங்கள் வேலிப் படலையில் நின்று போட்ட சத்தத்தில் அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாளைக்கும் அம்பு கோணலாகப் போனால் வில் அடுப்புக்குள் போகும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வைரவருக்குச் சாத்திய வடைமாலையிலிருந்து எனக்கும் ஒரு வடை கிடைத்தது. எவ்வளவு கவலை இருந்தாலும் வடையில் ஓட்டை இருந்தால் பார்க்கத்தானே வேண்டும். அதன் வழியாக மாமாவைப் பார்த்தேன். அவர் சட்டென்று எழுந்தார்.

“நில்லு, ஆடாதை! எந்தக் கண்ணாலை பாக்கிறாய்?”

இடது கண். திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் வடை தானாகவே இடது கண்ணுக்குப் போனது.

“பாக்கிறது இடக்கண், இழுக்கிறது வலக்கை. பிறகு அம்பு என்னண்டு நேராப் போகும்? கையை மாத்திப் பிடி.”

நான் அம்மா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் பார்த்தேன். இடக்கையை நீட்டினால் அகப்பைக் காம்பால் அடி விழும் வீடு அது. பெண்பிள்ளை போகிற வீட்டில் இடக்கையால் சோறு போட்டால் வளர்த்தவளைத்தான் கேட்பார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ஆனாலும் வில் பிழைக்க வேண்டுமே. கையை மாற்றி இழுத்து விட்டேன். வேலியில் கட்டியிருந்த பழைய ஓலைக் கடகத்தின் நடுவிலேயே அம்பு குத்தி நின்றது.

துள்ளித் திரும்பினால் அம்மா நிற்கிறார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

“அம்புக்கு மட்டும்தான். சாப்பாட்டுக்கு இல்லை, விளங்குதோ?”

“ஓம் அம்மா.”

மாமாவுக்குச் சும்மா இருக்க முடியாது. “அக்கா, நீங்களும் ஒருக்கா விட்டுப் பாருங்கோவன்” என்று சிரித்தார்.

யாரும் வருகிறார்களோ என்று அம்மா படலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். வில்லை வலக்கையில் பிடித்து, இடக்கையால் நாணை இழுத்தார். அம்பு என் அம்புக்குப் பக்கத்திலேயே போய்க் குத்தியது. மாமாவின் சிரிப்பு நின்றுபோனது. அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வில் பிழைத்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஒரே எரிச்சல். நான் இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை அம்மா முதல் தரமே பிடித்துவிட்டாரே என்று, அன்று முழுவதும் அவரோடு கதைக்கவில்லை.