கழுவாத குடல்

என் மகள் ஆராய்ச்சி செய்வது சளியை. ஸ்ரீரங்கத்தில் யார் கேட்டாலும் அப்படியே சொல்லிவிடுவேன். மூக்கில் ஒழுகுவது மட்டுமல்ல சளி. கண், நுரையீரல், குடல் என உடம்பின் ஈரமான பரப்புகள் எல்லாவற்றின் மேலும் அது படலமாகப் படர்ந்திருக்கிறது. மியூசின் என்ற புரதம்தான் அதற்கு ஆதாரம். நீண்ட இழை, இழை நெடுகச் சர்க்கரைக் கிளைகள். கிளைகள் நீரைப் பிடித்து உப்பிக் கொழகொழப்பாகின்றன. குடலில் வாழும் கிருமிகள் குடல் சுவரை நெருங்காமல் தடுப்பது அந்தக் கொழகொழப்பு. செய்தி எழுதியே பிழைத்த எனக்கு இதைச் சுருக்கமாகச் சொல்ல வெகு நாளாயிற்று.

சென்ற ஆண்டு, நுண்ணோக்கியில் வைத்த அவளுடைய ஸ்லைடுகளில் அந்தப் படலம் மட்டும் தெரியவில்லை. செல்களுக்குள்ளே மியூசின் நீலமாகச் சாயம் ஏறியிருந்தது. செல்களுக்கு மேலே வெறுமை. தண்ணீர் பட்டால் படலம் போய்விடும் என்று, தண்ணீரே கலக்காத திரவத்தில்தான் ஆட்டுக்குடல் துண்டுகளைப் பதப்படுத்தினாள். அப்படியும் இல்லை. இன்னொரு முறை இப்படி வந்தால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்றார் கல்லூரியில் அவளுடைய வழிகாட்டி.

குடல் வாங்குவது திருச்சியில் ஒரு கறிக்கடையில். எங்கள் வீட்டில் யாரும் மாமிசம் தொட்டதில்லை. ஸ்கூட்டரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு நானும் அவளும் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நிற்போம். கடைக்காரர் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். கறிக்கடை வாசலில் எங்கள் மனிதர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

வழிகாட்டி அப்படிச் சொன்ன பிறகு போனபோது, ஹெல்மெட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போனாள். குழாயடியில் கடைக்காரர் குடலின் உட்புறத்தை வெளியே திருப்பிக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்ன பாய் பண்றீங்க?”

“உனக்குத்தாம்மா. மத்தவங்களுக்கு ஒரு தண்ணி. உனக்கு மட்டும் மூணு தண்ணி.”

“எப்பவுமேவா?”

“பின்ன? ஸ்ரீரங்கத்துப் பொண்ணு, நாத்தத்தோட எப்படி எடுத்துட்டுப் போகும்?”

அவள் சிரித்தது ரோடு வரை கேட்டது.

“இனிமே கழுவாதீங்க பாய். அதுக்குள்ள இருக்கற சளிதான் எனக்கு வேணும்.”

“கழுவாத குடல் குடுத்தேன்னு வெளில சொல்லிடாதம்மா. கடை பேரு போயிடும்.”

அடுத்து அறுத்த ஆட்டின் குடலில், சாணத்தோடு ஒரு துண்டை அவளே வெட்டி, அங்கேயே பாட்டிலில் இருந்த திரவத்தில் போட்டாள். ரோட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த ஸ்லைடில் செல்களுக்கு மேலே நீலப் பட்டை அறுபடாமல் ஓடியது. தலைப்பை மாற்ற வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். சேதி கேட்டதும் என் மனைவி அடுக்களையிலிருந்து வந்தாள்.

“கறிக்கடைல நீங்க எங்க நின்னேள்?”

“ரோட்டுல.”

“அவ?”

“உள்ள போனா.”

“கத்தியைப் பிடிச்சாளா?”

“பிடிச்சா.”

 என் மனைவி உடனே மும்பையில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கறிக்கடையையும் விடவில்லை.