மூன்று கட்டில் அறையில் ஒரு ஞாயிறு

எங்கள் அறையில் மூன்று கட்டில்கள். ஒருத்தி நடந்தால் மற்றவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் இந்தப் பெண்கள் பிஜி விடுதியில் எல்லாப் பொருளிலும் பெயர் இருக்கும். பக்கெட்டில், மக்கில், சாப்பாட்டுத் தட்டில், எல்லாவற்றிலும் நெயில் பாலிஷால் எழுதி வைத்திருப்போம். எழுதாத பொருள் பொதுப் பொருள். என் பெயர் மெரூன் நிறம். நாற்பதைத் தாண்டிய பிறகு என் பெயர் எழுதிய சொத்து என்று உலகத்தில் இருப்பது ஒரு பக்கெட்.

ஜன்னலோரக் கட்டிலில் வேடந்தாங்கல் பக்கத்திலிருந்து வந்த நர்ஸ். கதவோரத்தில் மறைமலை நகரில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் கம்பெனிப் பெண். நடுக்கட்டில் எனக்கு. ஒருத்தி தூங்கும்போது இன்னொருத்தி கிளம்புவாள். இருட்டில் தடவி உடுத்தப் பழகினோம். பேச்சு வெளியே கேட்காமல் போன் பேசக் குழாயைத் திறந்துவிடப் பழகினோம். அழ வேண்டுமென்றால் குளியலறை. அங்கேயும் கதவு தட்டப்படும்.

"அக்கா, உள்ள இன்னா குடித்தனமா பண்ற? எனக்கு டூட்டிக்கு டைமாவுது."

அழுகை பாதியில் நிற்கும். நின்ற அழுகை எங்கே போகுமோ, எனக்குத் தெரியாது. மாமல்லபுரம் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்போது சில நாள் அதுவாகவே வந்து முடியும்.

மாமல்லபுரம் கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் நான். நேற்று வரை ஒருவர் படுத்து, சிரித்து, சண்டை போட்ட அறையை இதுவரை யாருமே வராத அறையாக மாற்றித் தர வேண்டும். படுக்கை விரிப்பில் சுருக்கம் கூடாது. தலையணையில் ஒற்றை முடி கிடந்தால் எனக்குத் திட்டு விழும். ஒருவருக்கு ஓர் அறை, ஒரு பால்கனி, ஒரு கடல். மாலையில் அந்தக் கடலை அங்கேயே விட்டுவிட்டு என் நடுக்கட்டிலுக்குத் திரும்புவேன்.

புருஷன் அடி தாங்காமல் சதுரங்கப்பட்டினத்து வீட்டிலிருந்து ஒரு பையோடு கிளம்பியவள் நான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளை அந்த வீட்டார் என்னோடு விடவில்லை. அவளை அழைத்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். வீடு தேடினேன். தேடாத தெரு இல்லை.

"வூட்டுக்காரரு வரலீங்களா மேடம்?" என்றார் தரகர்.

"தனியாத்தான் இருக்கேன். பொண்ணு வருவா."

"வந்தப்புறம் வாங்க மேடம். குடும்பமா இருந்தா ஓனராண்ட பேசலாம். ஒண்டியா கீற லேடிக்கின்னா ஒத்துக்கமாட்டாங்க."

மகள் வந்தால் வீடு கிடைக்கும். வீடு இருந்தால்தான் மகள் வருவாள். இந்த வட்டத்துக்குள் எத்தனையோ மாதமாகச் சுற்றுகிறேன், வெளியேற ஒரு இடுக்கு கூட இல்லாமல். போனில் அவளிடம் மட்டும் பெருமையாகச் சொல்லிவைத்தேன், அம்மாவுக்கு இங்கே ஒரு ரூம் இருக்கிறது என்று. அது எத்தனை பேருடைய ரூம் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"வந்து பாக்கறேன். பாத்துட்டுத்தான் உன்கூட வரேனா இல்லியான்னு சொல்லுவேன்," என்றாள் அவள்.

பிஜி ஓனரம்மாவிடம் கேட்டேன். வெளியாட்களுக்குக் கீழ் ஹால் வரைதான் அனுமதி.

"பெத்த பொண்ணுன்றதால மேல இட்டுனு போ. பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடணும். தங்கறது கிங்கறதுன்னு ஆரம்பிச்ச, நாளைக்கு ஊரே இங்க வந்து படுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நர்ஸும் கம்பெனிப் பெண்ணும் எனக்காக வெளியே கிளம்பினார்கள். எங்கே போவீர்கள் என்றேன். "எங்க போறது? ஸ்டேஷன் பெஞ்சுதான். தாம்பரம் டிரெயின் எத்தன போவுதுன்னு எண்ணிகினு குந்தினு இருப்போம்," என்று சிரித்தாள் நர்ஸ். "ரூம நல்லா ஜோடிச்சு வை அக்கா. உன் வேலையே அதான?"

அதுதான் என் வேலை. அவர்கள் பெட்டிகளைக் கட்டிலடியில் தள்ளி, விரிப்பைத் தரை வரை இழுத்துவிட்டேன். கொடியில் தொங்கிய உள்ளாடைகளையும் துண்டுகளையும் பையில் திணித்தேன். சுவரில் ஒட்டியிருந்த சாமி படத்தையும் ஷிஃப்ட் அட்டவணையையும் எடுத்தேன். பக்கெட்டுகளைப் பெயர் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பினேன். மூன்று கட்டில்களையும் ஜன்னலோரமாக ஒட்டிப் போட்டு ஒரே விரிப்பை விரித்ததும் அது அகலமான மெத்தை போல ஆனது. தலையணைகளைத் தட்டி முடி பொறுக்கினேன். கதவருகே நின்று பார்த்தேன். யாருமே வாழாத அறை. அவ்வளவு சுத்தம்.

அவள் அப்பா அவளைத் தெருமுனை டீக்கடையில் பைக்கிலிருந்து இறக்கிவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். என்னைவிட உயர்ந்திருந்தாள். மேலே வந்தாள். ஒட்டிப் போட்ட கட்டிலைக் கையால் தடவினாள். நடு அறையில் தாராளமாகக் கிடந்த தரையைப் பார்த்தாள். அவள் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

"இவ்ளோ இடமாம்மா கீது உனக்கு?"

"ஆமாண்டி கண்ணு."

"அப்போ ஏன் என்னை இட்டுனு வரல?"

விரிப்பில் இல்லாத சுருக்கத்தை நீவினேன்.

"அப்பா அப்பவே சொன்னாரு. ஒங்கம்மாவுக்கு இடமில்லாம இல்ல, நீ வேணாம் அவளுக்குன்னு. நான்தான் சண்ட போட்டேன், எங்கம்மா அப்படி இல்லன்னு." குரல் உடையவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "நான் கீழ போறேன்."

இல்லை என்று சொல்லி அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். இது பிஜி, மூன்று பேர் அறை என்றேன். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? கைதேர்ந்தவள் துடைத்த அறை. கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தேன். "யாரோட பெட்டியோ. எனக்கின்னா தெரியும்?" என்றாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. கடலிலிருந்து கிளம்பி வரும் கார்த்திகை மழை, முன்னறிவிப்பில்லாதது. அவள் கதவைத் திறந்தபோது வாசலில் நர்ஸும் கம்பெனிப் பெண்ணும் சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"மன்னிச்சுக்க அக்கா. பெஞ்சுல தெப்பமா நனஞ்சிட்டோம். ஒரு டவல் மட்டும் எடுத்துகினு ஓடிடறோம்," என்ற நர்ஸ் கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். "அடிப்பாவி, என் கட்டில் எங்க?"

கம்பெனிப் பெண் தும்மினாள். மகள் அவர்களைப் பார்த்தாள். பிறகு தானே குளியலறைக்குப் போய், சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மூன்று பெயர்கள். மெரூன் நிறப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தாள்.

வெளியே வந்து, "உன் கட்டில் எது?" என்றாள்.

ஒட்டிப் போட்டதில் நடுவில் இருந்ததைக் காட்டினேன். அதில் ஏறிச் சுருண்டு படுத்தாள். கால் நீட்டினால் கட்டில் கம்பியில் இடித்தது, மடக்கிக்கொண்டாள். மற்ற இருவரும் ஈரத்தோடு ஓரமாக நின்றார்கள். தெருமுனையில் அவள் அப்பாவின் பைக் ஹாரன் விட்டுவிட்டு அடித்தது.

எழுந்து செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "எனக்கு இங்க இடமில்லம்மா."

அவள் சொல்ல வேண்டிய பதில் அதுதான். வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். வீட்டுத் தரகரிடம் நாளைக்கும் நான் ஒண்டியாகவே நிற்பேன். ஆனாலும் அவள் 'நான் உனக்கு வேண்டாம்' என்று சொல்லவில்லை. 'இடமில்லை' என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மழையில் அவள் பைக்கில் ஏறிப் போவதைப் பார்த்தேன்.

மாலையில் கட்டில்கள் பழைய இடத்துக்குப் போயின. சாமி படம் சுவருக்கு ஏறியது. கொடி நிறைந்தது. என் தலையணையில் ஒரு நீள முடி கிடந்தது, என்னுடையதைவிடக் கறுப்பாக.

"தலகாணி உறையக் குடு அக்கா, என்னோடத சேத்து ஊற வெச்சிடறேன்," என்றாள் நர்ஸ்.

"இப்ப வேணாம்," என்றேன்.