ஏழா, இருபதா? கடலூர்க் கடலில் ஒரு முற்பகல்

2007, பிப்ரவரி. காலை ஆறு பத்துக்குச் சிதம்பரத்தில் கடலூர் வண்டி ஏறினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர், சீட்டு பதினைந்து ரூபாய். பக்கத்து இருக்கையில் என் பையை உட்கார வைத்தேன். கூட வர வேறு ஆளில்லை.

முதல் நாள் மாலை தம்பி முரளி கைபேசியில் அழைத்திருந்தான். சரக்குக் கப்பலில் வேலை செய்கிறவன். அவனை நேரில் பார்த்து நான்கு வருடமாகிறது.

"அண்ணே, உரம் எறக்க வந்திருக்கோம். கடலூருக்கு வெளியதான் நிக்கறோம். கரைக்கு விடமாட்டேங்கறாங்க. நாளைக்கு மத்தியானம் கெளம்பிடும்."

கடலூர்த் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வராது. மூன்று கிலோமீட்டர் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கை மட்டும் பார்ஜ் என்கிற தட்டைப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். உர மூட்டைக்கு இருக்கிற சலுகை என் தம்பிக்கு இல்லை. அம்மா போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான் குடும்பம். எப்படியாவது அவன் முகத்தைப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

ஏழே முக்காலுக்கு முதுநகரில் இறங்கி, துறைமுகத்தில் செல்வம் என்பவரிடம் படகு பேசினேன். போக வர அறுநூறு ரூபாய்.

"கப்பலுக்குக் கிட்டக்க போவ முடியாது சார், கத்துவாங்க. அர கிலோமீட்டர்ல நிறுத்திடுவேன்" என்றார்.

அரை கிலோமீட்டரில் முகம் எங்கே தெரியும்? பைனாகுலர் வேண்டும் என்று, டவுன் பஸ் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் போனேன். வெளிநாட்டுச் சாமான் விற்கிற பாய் ஒன்பது மணிக்குக் கடை திறந்தார். மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று ஏழு மடங்கு பெரிதாகக் காட்டும், ஆயிரத்து நானூறு. இன்னொன்று இருபது மடங்கு, ஆயிரத்து எண்ணூறு.

"படகுலேர்ந்து பாக்கறதுன்னா ஏழே போதும் சார். கப்பல்காரங்களும் அதத்தான் வச்சிருப்பாங்க. பெருசா காட்டறது ஜாஸ்தின்னா ஆட்டமும் ஜாஸ்தி."

"பாய், நான் இருபத்தாறு வருஷமா கணக்கு வாத்தியார்" என்றேன்.

ஐந்நூறு மீட்டரை ஏழால் வகுத்தால் எழுபத்தொன்று. இருபதால் வகுத்தால் இருபத்தைந்து. தெருக்கோடியில் நிற்கிற தம்பி எனக்கு எதற்கு? கடைத் தூணில் சாய்ந்து இருபதைக் கண்ணில் வைத்தேன். கோயில் கோபுரத்துப் புறாவின் அலகு தெரிந்தது. பாய் சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

பத்தே முக்காலுக்குப் படகு கிளம்பியது. முகத்துவாரம் தாண்டியதும் ஆட்டம் தொடங்கியது. சொன்ன இடத்தில் செல்வம் வேகத்தைக் குறைத்தார். கறுப்பும் துருவுமாகக் கப்பல் நின்றது. மேல்தளத்தில் ஆரஞ்சு உடுப்பில் ஒரு புள்ளி கையை ஆட்டியது. கைபேசி அடித்தது.

"அண்ணே, நீலப் படகுல நிக்கறது நீதான?"

அவசரமாகப் பைனாகுலரைத் தூக்கினேன். வானம் தெரிந்தது. பிறகு தண்ணீர், துரு, மறுபடி வானம். படகு ஒரு சாண் ஏறினால் கப்பல் ஒரு பனைமர உயரம் இறங்கியது. உட்கார்ந்து பார்த்தேன், முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். ஒரு கம்பி வந்தது, ஓர் ஆரஞ்சுக் கை வந்தது. முகம் மட்டும் வரவே இல்லை.

"இன்ஜின நிறுத்துங்க" என்றேன்.

"நிறுத்துனா இன்னும் ஆடும் சார்."

"தெரியறனா அண்ணே?" என்றான் முரளி.

"தெரியுது, தெரியுது. எளைச்சுட்ட" என்று புளுகினேன்.

சிரித்தான். "நீ வானத்தப் பாத்துக்கினு இருக்க. எனக்கு உன்ன நல்லா தெரியுது. கப்பல் பைனாகுலர், ஏழுதான்." அடுத்து, "ஏண்ணே, தல பூரா வெளுத்துப்போச்சு?" பிறகு, "சட்டப் பொத்தான மாத்திப் போட்டிருக்க பாரு."

குனிந்து பார்த்தேன். ஆமாம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் தொங்கியது. ஐந்து மணியிலிருந்து அப்படியேதான் மூன்று பேருந்தில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆள் கப்பலில் இருந்தான்.

பைனாகுலரைப் பலகைமேல் வைத்தேன்.

"நல்லா பாத்துக்கடா" என்று எழுந்து நின்றேன். விழுந்துவிடாமல் இருக்கச் செல்வம் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். கைபேசியில் முரளியின் மூச்சு கேட்டது. யாரோ கூப்பிட, "வரேண்ணே" என்று வைத்துவிட்டான்.

பன்னிரண்டரைக்கு மறுபடி பாய் கடை.

"தம்பியப் பாத்தீங்களா சார்?"

"அவன் பாத்தான் பாய்."

அவர் இருபதை வாங்கிக்கொண்டு, அடுத்த தடவைக்கென்று ஏழு மடங்கு காட்டுவதையும் மீதி நானூறு ரூபாயையும் கொடுத்தார்.

மூன்றரைக்குச் சிதம்பரம். பூட்டைத் திறந்து மின்விசிறியைப் போட்டேன். எங்கள் தெருவில் ஆடுகிற படகு இல்லை, எதிர்வீட்டுக்குப் பத்தடிதான். ஆனாலும் நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க இங்கே யாரும் இல்லை. இரவு படுக்கும்வரை அந்தப் பொத்தான்களை நான் மாற்றவில்லை.