குமாரபாளையத்தில் அடிக்கடி நின்றுபோன கணினி

1987 பிப்ரவரியில் குமாரபாளையம் போனேன். விரும்பிப் போகவில்லை. அங்கே ஒரு ஜவுளி நிறுவனத்துக்கு எங்கள் சென்னை அலுவலகம் விற்ற யுனிக்ஸ் கணினி அடிக்கடி நின்றுபோகிறது என்று புகார். அச்சுப்பொறியை இயக்கும் டிரைவர் நிரலை எழுதியவர் எங்கள் மேலாளரின் செல்லப்பிள்ளை. அவருக்குச் சென்னையில் முக்கிய வேலைகள் இருந்தனவாம். ஆகவே நான்.

இரவு ரயிலில் சேலம். அங்கிருந்து சங்ககிரி வழியாகப் பேருந்து. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய்க்குள். சன்னலோரம் பிடித்தால் சங்ககிரி மலைக்கோட்டையைப் பார்க்கலாம். குமாரபாளையத்தில் இறங்கியதுமே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். தேநீர் சொல்வதற்கும் கத்த வேண்டும்.

கணினியில் கணக்கு எழுதியவள் சரோஜா. தறி வீட்டுப் பெண், பி.காம். முதலாளி ஏற்கெனவே தீர்ப்பெழுதியிருந்தார்.

"ஏனுங்க, இந்தப் புள்ளதான் மெசினக் கெடுத்துருச்சு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, திங்கக்கிழமையிலிருந்து வேற ஆளப் போட்டுக்கறேன்."

எங்கள் மேலாளரும் நான் புறப்படும்போது அதையேதான் சொல்லச் சொன்னார். தவறு அவர்களுடையது என்றால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியதில்லை.

நான் சரோஜாவின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். தாள் சிக்கியது. சரோஜாவின் கை தானாகப் போய் அச்சுப்பொறியை அணைத்தது. தாளை நேராக்கி அச்சுப்பொறியை மறுபடி போட்டாள். திரையில், இனி ஓட முடியாது என்று பொருள்படும் 'பானிக்' என்ற சொல் வந்தது, கணினி நின்றது. ஏன் அணைத்தாய் என்று கேட்டேன்.

"நூல் அறுந்தா தறிய நிறுத்தித்தானுங்க முடி போடுவோம். ஓடுற மெசினுக்குள்ள கைய உடச் சொல்றீங்களா?"

சென்னையில் யாரும் பாதியில் அணைத்துப் பார்த்ததில்லை. பானிக்கோடு திரையில் வந்த நினைவக முகவரியை மூலநிரலில் தேடினேன். மீண்டும் போட்டதும் அச்சுப்பொறி 'தயார்' என்று குறுக்கீட்டுச் சைகை அனுப்புகிறது. அச்சிட வேண்டிய எழுத்துகள் காத்திருக்கின்றன என்றே நம்பி, டிரைவர் அவற்றை எடுக்கப் போகிறது. அணைத்தபோதே அவை நீக்கப்பட்டிருந்தன. இல்லாத இடத்தில் கைவைத்ததும் யுனிக்ஸின் மையமான கர்னல் முழுவதும் சரிகிறது. 'எதுவும் காத்திருக்கவில்லையென்றால் திரும்பிவிடு' என்று இரண்டு வரி சேர்த்து, கர்னலைப் புதிதாகக் கட்டி ஏற்றினேன்.

முதலாளியைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அச்சு ஓடும்போதே பொறியை அணைக்கும்படி சரோஜாவிடம் சொன்னேன். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அணைம்மா. தப்பு எங்களுது," என்றேன்.

அணைத்தாள், போட்டாள். கணினி நிற்கவில்லை; பக்கம் முதலிலிருந்து அச்சானது. முதலாளி, "செரி சாமி, மிச்சக் கணக்கப் பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சென்னையில் அந்த இரண்டு வரிகள் செல்லப்பிள்ளையின் பெயரில் எல்லா ஊர்களுக்கும் போயின. அவருக்குப் பதவி உயர்ந்தது. வாடிக்கையாளர் முன்னால் நிறுவனத்தைக் காட்டிக்கொடுத்ததாக எனக்கு மேலாளரிடமிருந்து கண்டன ஓலை வந்தது. இன்றுவரை இருவரையும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் பிப்ரவரியில் போங்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. தங்க அதுவே வசதி, அங்கே தறிச் சத்தம் குறைவு. இயந்திரம் பார்க்கப் போகிறவர் என்றால் மூலநிரலைக் கையோடு கொண்டுபோங்கள். அரை நாளாவது அதில் வேலை செய்பவர் பக்கத்தில் உட்காருங்கள். யார் தவறு என்று அலுவலகத்திலேயே முடிவுசெய்து அனுப்பினால், பயணச்செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், முடிவை அங்கேயே விட்டுவிடுங்கள்.