லாபத்துக்கு அடுத்தது இரண்டு

என் கணவருக்கு எதிலும் சந்தேகம். கந்தளாயிலிருந்து நெல் லொறி வந்தால், நாலு நெல்மணியைப் பல்லில் கடித்துப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் கடைக்குள் இறக்க விடமாட்டார். துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூட, இவன் ஏன் இந்த நேரத்தில் ஊதுகிறான் என்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் போய், சனிக்கிழமை முழுவதும் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்து இரண்டும் இரண்டும் நான்கு என்று நிரூபித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். என் வாயைத்தான் நோக வேண்டும்.

கலியாணத்தோடு நின்றுபோன கணிதப் பட்டப்படிப்பைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு மறுபடி தொடங்கியிருந்தேன். வகுப்பு சனிக்கிழமைகளில். இறுதிப் பரீட்சை அடுத்த மாதம், அதுவும் ஒரு சனிக்கிழமை.

"ரெண்டும் ரெண்டும் நாலு எண்டு ஊர்த் தெருவில திரிஞ்சு எங்கட கடை வாசல்ல வந்து நிக்கிற மானுக்கும் தெரியும். உண்மையைச் சொல்லும், நீர் அங்க என்னத்துக்குப் போறீர்?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து பஸ் டிக்கெற்றை வாங்கிப் பார்த்தார். வகுப்பில் பக்கத்தில் யார் இருப்பது என்று விசாரித்தார். கடைசியில், "எனக்கு விளங்காம உம்மைப் பரீட்சைக்கு அனுப்ப ஏலாது" என்றுவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஆளோடு என்ன கதைப்பது?

பரீட்சைக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை, லொறி வந்தது. அவர் வாசலில் நின்று மூட்டைகளை எண்ணினார். "லாபம், ரெண்டு, மூண்டு..." நெல் வியாபாரத்தில் யாரும் ஒன்று என்று தொடங்குவதில்லை. முதல் மூட்டை லாபம்தான், அதுதான் ராசி. எத்தனையோ வருடமாகக் கேட்ட சத்தம், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

"கொஞ்சம் நில்லுங்கோ. எங்கட கணக்கும் இதுதான்" என்றேன். "தொடக்கத்தில ஒரு லாபம் இருக்கு. அதுக்கு அடுத்ததின்ர பேர் ரெண்டு. பிறகு மூண்டு, பிறகு நாலு. வேற ஒண்டும் எங்களுக்குத் தெரியாது எண்டு வையுங்கோ."

"அப்ப கூட்டுறது?"

"எதோட லாபத்தைக் கூட்டினாலும் அதுக்கு அடுத்தது வரும். ரெண்டோட லாபத்தைக் கூட்டினா மூண்டு. கூட்டுறதை ஒரு படி ஏத்தினா விடையும் ஒரு படி ஏறும். லாபத்துக்கு மேல ஒரு படி ரெண்டு. அப்ப ரெண்டோட லாபத்துக்குப் பதிலா ரெண்டைக் கூட்டினா, மூண்டும் ஒரு படி ஏறி நாலு. ரெண்டும் ரெண்டும் நாலு. முடிஞ்சுது."

நெல்லைக் கடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடுத்தது அடுத்தது எண்டு போய், சுத்திக்கொண்டு திரும்பவும் லாபத்திலயே வந்து நிண்டா?"

எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி. சந்தேகப் பிராணிக்கு மூளை இல்லாமல் இல்லை.

"நிக்காது. லாபத்துக்கு முன்னால ஒண்டும் இல்லை எண்டு முதலே ஏற்றுக்கொள்ளுறம். அதை வெளிப்படையுண்மை எண்டு சொல்லுறது."

"ஆர் நிரூபிச்சது?"

"ஒருத்தரும் இல்லை. அதை நிரூபிக்கிறேல்லை."

"அப்ப அடியில கிடக்கிறது வெறும் நம்பிக்கைதானே!" கள்ளனைக் கையோடு பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு.

"ஓம். நான் எங்க போறன் எண்டதும் அப்பிடித்தான். எத்தினை டிக்கெற்றைப் பாத்தாலும் அதை நிரூபிச்சு முடியாது."

அவர் வாயில் இருந்த உமியைத் துப்பினார். எண்ணிக்கை பிசகிவிட்டது என்று லொறிக்காரரிடம் சொல்லிவிட்டு, முதல் மூட்டையில் கைவைத்து மறுபடியும் லாபம் என்று தொடங்கினார்.

சனிக்கிழமை காலை, "நேரமாகுது, போட்டு வாரும்" என்றார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. அதுதான் எனக்கு இடித்தது. பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிள் பின்னால் வருகிறதா என்று வளாகம் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.